13 வயது சிட்டுவுக்கு ஆபரேஷன்: கோவை நாய் ஆஸ்பத்திரியில் எங்கள் அனுபவம்

எங்கள் சிட்டுவுக்கு 13 வயது. நாட்டு நாய், செவலை நிறம், 16 கிலோ. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் சாளையிலேயே பிறந்து வளர்ந்தவள். போன தை மாதம் தோட்டத்து அண்ணன் அவளுக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தவர், "அம்மணி, இங்க வந்து தொட்டுப் பாருங்க" என்று கூப்பிட்டார். கடைசி மடிக்காம்புக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மாசி முடிவதற்குள் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. பொள்ளாச்சியில் காட்டினோம். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வயதான காலத்தில் இது வரக்கூடியதுதான், ஏறக்குறைய பாதிக்குப் பாதி கெட்ட கட்டியாக, அதாவது புற்றுநோயாக இருக்கும், எடுத்துவிடுங்கள், ஆனால் இந்த வயதுக்கு மயக்கம் கொடுக்க எல்லா வசதியும் உள்ள இடமாகப் பாருங்கள் என்று சொல்லிக் கோவைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கட்டியைவிட மயக்க ஊசிக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று மணி. சிட்டு பிறப்பதற்கு முன்னாலிருந்தே எங்களிடம் இருந்தவன். எட்டு வருஷத்துக்கு முன்னால், அவனுக்கு 12 வயதில், காது மடலில் ரத்தம் கட்டி வீங்கியதற்கு வேறொரு இடத்தில் ஆபரேஷன் செய்தோம். பெயர் வேண்டாம். ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, எடை கூடப் பார்க்கவில்லை, கண்ணால் மதிப்பிட்டு ஒரு ஊசி போட்டார்கள். முடிந்ததும் வெறும் சிமெண்டுத் தரையில் கிடத்திவிட்டார்கள். பொழுது சாயும்வரை உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே கிடந்தான். நான் என் சேலை முந்தானையை மடித்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவன் பழைய மணியாக இல்லை. களத்தில் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடப்பான், தண்ணீர்த் தொட்டி எங்கே என்று தேடுவான், ராத்திரி இரண்டு மணிக்கு யாருமில்லாத திசையைப் பார்த்துக் குரைப்பான். ஐந்து மாதத்தில் போய்விட்டான். மயக்க மருந்துதான் அவன் மூளையைக் கெடுத்தது என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா. 81 வயதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. அன்று ராத்திரி குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "எருமையைக் கட்டினயா இல்லையா" என்று என்னைச் சத்தம் போட்டது. எப்போதோ செத்துப்போன தங்கச்சியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டது. நாலு நாளில் தெளிந்துவிட்டது என்றாலும் அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன், இது அம்மாயிக்கு மட்டும் வந்ததில்லை. பல நாடுகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரைத் தொடர்ந்து பார்த்து 1998-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களில் 25.8 சதவீதம் பேருக்கு ஞாபகத்திலும் யோசிக்கும் திறனிலும் குறை தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் 9.9 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஆபரேஷன் செய்யாத அதே வயதுக்காரர்களில் இந்த எண்ணிக்கை 3.4, 2.8 சதவீதம்தான். மனிதருக்கே இப்படி என்றால் வாய் பேச முடியாத ஜீவனுக்கு என்ன ஆகும் என்ற கவலையோடுதான் சிட்டுவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம் வழியாகப் போனோம்.

ஆஸ்பத்திரி சுந்தராபுரம் பக்கம் இருக்கிறது. பெயர் போட்டு எழுதட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார், கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொரு நாய்க்கும் இவ்வளவு நேரம் கொடுக்க முடியாது என்றார். அதனால் பெயரை விட்டுவிட்டு, அங்கே என்னென்ன செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். திருப்பூரிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ இருப்பவர்கள் தங்கள் ஊர் டாக்டரிடம் இதையெல்லாம் கேட்டுப் பார்க்க உதவும்.

முதல் நாள் சனிக்கிழமை. ஒரு மணி இருபது நிமிஷம் காத்திருந்தோம். உள்ளே போனதும் அந்த எரிச்சல் போய்விட்டது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர், சின்ன வயதுப் பெண். சிட்டுவை மேஜையில் ஏற்றவே இல்லை. அவரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளாக வந்து மோந்து பார்க்கும்வரை கையை நீட்டி வைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் குழாய் வைத்து நீண்ட நேரம் கேட்டுவிட்டு, இதயத்தில் லேசாக ஒரு சத்தம் இருக்கிறது, ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றார். அப்புறம் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார்.

ராத்திரி எழுந்து நடக்கிறாளா, பகலில் முன்பைவிட அதிகம் தூங்குகிறாளா, மூலையில் போய் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்கிறாளா, வெளியே போய் வந்த பிறகும் வீட்டுக்குள் மூத்திரம் போகிறாளா, வீட்டு ஆட்கள் வந்தால் முன்னைப்போல ஓடி வருகிறாளா, கதவு திறக்கும்போது திறக்கிற பக்கம் நிற்கிறாளா இல்லை கீல் இருக்கிற பக்கம் போய் நிற்கிறாளா. இந்த மாதிரி ஒரு பக்கம் முழுக்க. நான் எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கா" என்றே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம், "அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்ல இவளைப் போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்குங்க. சாப்பிடறப்போ ஒண்ணு, பொழுதோட நடக்கறப்போ ஒண்ணு, கேட்டைத் திறக்கறப்போ ஒண்ணு, ராத்திரில ஒண்ணு. பின்னாடி உங்களுக்கே உதவும்" என்றார். இது எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனாலும் பையன் நாலையும் எடுத்து வைத்தான். அவர் வாங்கிய மொத்தக் காசுக்கும் ஈடான யோசனை இது ஒன்றுதான் என்று இப்போது சொல்வேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கேள்விகளெல்லாம் நாய்களுக்கு முதுமையில் வரும் மூளைத் தளர்ச்சியைக் கண்டுபிடிப்பதற்கானவை. மனிதருக்கு வரும் அல்சைமர் போலவே நாய்களின் மூளையிலும் அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இந்த அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தது. அதாவது எந்த ஆபரேஷனும் இல்லாமலேயே. இதை டாக்டர் சொன்னபோது எனக்கு மணியின் ஞாபகம்தான் வந்தது. அவனைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். "இப்ப இருந்துட்டு மயக்க ஊசிதான் காரணம்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுங்கக்கா. ஆனா அந்தக் குளிரும், ரத்த அழுத்தம் பார்க்காததும், வலிக்கு மருந்து குடுக்காததும் இருக்கு பாருங்க, அது வயசான மூளைக்கு ஆகவே ஆகாது" என்றார்.

மயக்க மருந்து மட்டும் தனியாக வந்து மூளையைக் கெடுத்துவிடுவதில்லை என்று அவர் விளக்கினார். கத்தி பட்டதும் உடம்பில் வீக்கத்துக்கான ரசாயனங்கள் கிளம்பும், அவை மூளைக்கும் போகும். இளம் மூளை அதைத் தாங்கிக்கொள்ளும், ஏற்கனவே தளர்ந்த மூளை தடுமாறும். மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், சராசரி 60-க்குக் கீழே போனால் மூளைக்கும் கிட்னிக்கும் போதுமான ரத்தம் போகாது. உடம்புச் சூடு இறங்கினால் மருந்து சீக்கிரம் கரையாது, மயக்கம் இழுத்துக்கொண்டே போகும். வயதான நாய்க்கு இளம் நாய்க்குக் கொடுக்கும் அளவு தேவைப்படாது, குறைவாகவே போதும், அதைத் தெரியாமல் எடைக்குக் கணக்குப் போட்டு மொத்தமாக ஏற்றிவிட்டால் தூக்கம் ஆழமாகப் போய்விடும். இதோடு புது இடம், பக்கத்துக் கூண்டில் குரைப்பு, வலி, ராத்திரி முழுக்க எரியும் விளக்கு. எல்லாம் சேர்ந்துதான் குழப்பம் என்றார். மனிதர்களிடம் இதை ஆராய்ந்த அளவுக்கு நாய்களிடம் ஆராயவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். கிட்னி, லிவர் சரி. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். இதய ஸ்கேனில் வால்வு லேசாகக் கசிகிறது, மயக்கம் தாங்கும் என்றார்கள். ஆனால் ரத்தத் தட்டணுக்கள் 90,000-தான் இருந்தன. நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல்தான் காரணம். நம்ம பக்கம் மாட்டுக் கட்டுத்தாரைக்குப் பக்கத்தில் வளரும் நாய்க்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்று 28 நாளைக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கோபம், அதற்குள் கட்டி பெருத்துவிட்டால் என்ன செய்வது என்று. டாக்டர் கட்டியை அளவுகோல் வைத்து அளந்து எழுதி, பத்து நாளைக்கு ஒருமுறை பொள்ளாச்சியிலேயே அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். கிடுகிடுவென்று பெருத்தால் உடனே எடுத்துவிடலாம் என்றார். பெருக்கவில்லை. தட்டணுக்கள் ஏறின.

ஆபரேஷன் அன்று காலை ஏழரைக்கு வரச் சொன்னார்கள். முந்தைய ராத்திரி பத்து மணிக்கு மேல் சோறு கிடையாது, தண்ணீர் மட்டும் கிளம்பும்வரை வைக்கலாம். அவள் படுக்கும் சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லியிருந்தார். தோட்டத்து வாசம், அவள் வாசம், எல்லாம் அதில் இருக்க வேண்டுமாம். முதல் கேஸே சிட்டுதான். வயதான நாயைக் காத்திருக்க வைப்பதில்லை, அதோடு முதல் கேஸாக எடுத்தால் பொழுதுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர்கள் வழக்கம்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். எல்லோராலும் பார்க்க முடியாது, எனக்கு முதல் பத்து நிமிஷம் பார்த்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது. முதலில் முகத்தில் மாஸ்க் வைத்து ஐந்து நிமிஷம் வெறும் ஆக்சிஜன். அப்புறம் காலில் போட்டிருந்த ஊசி வழியாக மருந்தை ஒரு சொட்டு, நிறுத்து, இன்னொரு சொட்டு, நிறுத்து என்று டாக்டர் அவள் கண் இமையையும் தாடையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏற்றினார். அது புரோபோஃபால். தாடை தளர்ந்ததும் தொண்டைக்குள் குழாய் வைத்து ஐசோஃபுளூரேன் வாயுவுக்கு மாற்றினார்கள். வெட்டப் போகிற கோடு நெடுக மரத்துப்போகும் ஊசியும் போட்டார்கள். அந்த இடம் மரத்துவிட்டால் வாயுவைக் குறைவாக வைக்கலாம், குறைந்த வாயு என்றால் ரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்காது. வெட்டுகிற டாக்டர் வேறு, தலைமாட்டில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அழுத்தம், மூச்சு, நாக்கில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன், உடம்புச் சூடு எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டிருந்த பெண் வேறு. அந்தத் தாளைப் பிறகு எனக்கும் ஒரு நகல் கொடுத்தார்கள். சராசரி அழுத்தம் ஒரே ஒரு முறை 62 வரை இறங்கியிருக்கிறது, உடனே வாயுவைக் குறைத்துச் சலைனைக் கூட்டியிருக்கிறார்கள், பத்து நிமிஷத்தில் 75.

ஒரு மணி பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் மணிக்குக் கிடைக்காதது. விளக்கை மங்கலாக வைத்த ஒரு சின்ன அறை, கீழே அவளுடைய சாக்கு, மேலே கம்பளி, இரண்டு பக்கமும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்கள். சூடு 99.4 டிகிரி இருந்தது. நாய்க்கு 100.5-க்கு மேல் இருக்க வேண்டும் என்று, அது 100.8 ஆகும்வரை அந்தப் பெண் அறையை விட்டு நகரவில்லை. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 98,000-க்கும் மேற்பட்ட நாய்களைக் கணக்கெடுத்ததில், மயக்கத்தோடு தொடர்புடைய சாவு ஆரோக்கியமான நாய்களில் 0.05 சதவீதம், நோயுள்ளவற்றில் 1.33 சதவீதம். ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தவற்றில் ஏறக்குறைய பாதி முதல் மூன்று மணி நேரத்துக்குள் போயிருக்கின்றன. "எல்லாரும் தையல் போட்டதும் முடிஞ்சதுன்னு நினைப்பாங்க, எங்களுக்கு அதுக்கப்புறம்தாங்க வேலையே" என்றார் அந்தப் பெண். என்னை உள்ளே விட்டு, தலைப்பக்கம் உட்காரச் சொன்னார், தொடக்கூட வேண்டாம், மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று. என்ன பேசுவது என்று தெரியாமல், "சிட்டு, மாடெல்லாம் வந்திருச்சு சாமி, வா போலாம்" என்று தினமும் பொழுதோடு சொல்வதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். காது முதலில் அசைந்தது. கண் திறந்தும் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து வால் நுனி மட்டும் சாக்கில் ஒருமுறை தட்டியது.

சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

முதல் ராத்திரி மோசம். அதை மறைக்க மாட்டேன். மூச்சு வாங்கினாள், முனகினாள், ஆசாரத்துச் சுவரைப் பார்த்து முக்கால் மணி நேரம் நின்றாள். தோட்டத்து அண்ணனைப் பார்த்து உறுமினாள். பதிமூன்று வருஷம் அவர் கையால் சோறு தின்றவள். அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் நாள் படுத்த இடத்திலேயே மூத்திரம். மணிதான் திரும்பி வந்துவிட்டான் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன், ராத்திரி எடுக்கவில்லை, காலை எட்டுக்கு அவரே கூப்பிட்டார். முதலில் வலி இருக்கிறதா என்று பார்ப்போம், நாய்க்கு வலி வந்தால் அதுவும் பைத்தியம் மாதிரிதான் தெரியும் என்றார். காயத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தாலே தலையைத் திருப்புகிறாளா என்று கேட்டார். ஆமாம். இன்னொரு வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார். அன்று ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினாள். மூன்றாம் நாள் காலை அண்ணன் வட்டலை வைத்ததும் அவர் கையை நக்கிவிட்டுத்தான் சோற்றில் வாய் வைத்தாள்.

இந்த இடத்தில் ஒன்று. பக்கத்துத் தோட்டத்தில் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள், வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடு என்று. தயவுசெய்து கொடுக்காதீர்கள். நாம் போட்டுக்கொள்ளும் ஐபுபுரூஃபென் நாயின் குடலையும் கிட்னியையும் கெடுக்கும், பாராசிட்டமால் அளவு மீறினால் லிவரையும் ரத்தத்தையும். டாக்டர் எழுதிக் கொடுத்ததை, சொன்ன அளவில், சோற்றுக்குப் பிறகு மட்டும். இதே மாதிரி, காங்கேயம் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் மூளைக்கு நல்லது, தினம் ஒரு கரண்டி ஊற்று என்று சொன்னவர்களும் உண்டு. அதில் முழுக்க உண்மை இல்லாமல் இல்லை, தேங்காய் எண்ணெயில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பைத் தனியாகப் பிரித்துத் தீனியில் சேர்த்துக் கொடுத்ததில் வயதான நாய்களின் மூளைத்திறன் தேறியதாக 2010-இல் ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் அது வேறு, கரண்டி எண்ணெய் வேறு, வயதான நாய்க்கு அது பேதியிலும் கணைய வீக்கத்திலும் கொண்டுபோய் விடலாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். கட்டி பரிசோதனையில் நல்ல கட்டி என்று வந்தது. சாப்பாடு, நடை எல்லாம் பழையபடி. ஆனால் இரண்டு விஷயம் மட்டும் போகவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து நடந்தாள். அப்புறம் கேட்டைத் திறக்கும்போது திறக்கிற பக்கம் வராமல் கீல் இருக்கிற பக்கம் போய், மூக்கை இடுக்கில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. டாக்டரிடம் போய், கொஞ்சம் சத்தமாகவே, மயக்க மருந்தால்தான் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அந்த வீடியோ இருக்குதுங்களாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பையன் போனில் போட்டான். ஆபரேஷனுக்கு ஐந்து வாரத்துக்கு முன்னால் எடுத்தது. பொழுது சாய்கிற வெளிச்சம், தோட்டத்து அண்ணன் கேட்டைத் திறக்கிறார், பின்னால் மாடுகள். சிட்டு ஓடி வருகிறாள், வந்து கீல் பக்கம் நிற்கிறாள். மூக்கை இடுக்கில் வைக்கிறாள். அண்ணன் சிரித்துக்கொண்டே அவள் கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார். வீடியோவில் என் குரலும் இருக்கிறது, "வா சாமி வா" என்று. நான் அங்கேயே நின்றிருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற முகத்தில் வயது ஏறுவது நமக்குத் தெரிவதில்லை. அண்ணனைக் கேட்டால், "அது ஆடி மாசத்துல இருந்தே அப்படித்தானுங்க நிக்குது" என்கிறார். அந்தக் கேள்வித்தாளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், சோறு வைப்பவருக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

ராத்திரி வீடியோவில் அவள் நன்றாகத் தூங்குகிறாள். ஆகவே ராத்திரி நடை மட்டும் புதுசு. அதை ஆபரேஷன் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம், இருந்த தளர்ச்சியைக் கொஞ்சம் முன்னே தள்ளியதாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். இதற்கென்று செலிஜிலின் மாத்திரை உண்டு, உடனே வேண்டாம், ஆறு வாரம் வேறு வழியில் பார்க்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார். காலை வெயிலில் அரை மணி நேரம் வெளியே, பகலில் இரண்டு முறை எழுப்பி நடக்க வைப்பது, சாமானை இடம் மாற்றாமல் வைப்பது, ராத்திரி ஒரு சின்ன மஞ்சள் பல்பு, வழுக்குகிற இடத்தில் ரப்பர் பாய். சாயங்காலம் சோற்றைத் தேடித் தின்னும்படி தென்னை மட்டைக்குக் கீழே இரண்டு மூன்று இடத்தில் ஒளித்து வைப்பது. இதில் கடைசியைத்தான் அவள் ரசித்துச் செய்கிறாள். ஐந்தாவது வாரம் ராத்திரி நடை வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைந்தது. இப்போது நாலு மாதம் ஆகிறது, மாத்திரை தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. வாசலில் நாலு படி, சாய்தளம் இல்லை, மூட்டு வலி உள்ள பெரிய நாயை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். காத்திருக்கும் கூடத்தின் டைல்ஸ் வழுக்குகிறது, குட்டி நாயும் பூனையும் கிழநாயும் ஒரே இடத்தில், ஒரே இரைச்சல். மூளையைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும் என்று அவர்களிடமே சொல்லிவிட்டேன். ராத்திரி எட்டுக்கு மேல் போன் எடுக்க ஆள் கிடையாது, ஆபரேஷன் ஆன முதல் ராத்திரிக்காவது ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ளும் விவரம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. சிட்டுவுக்கு மாத்திரை கொடுப்பவர் தோட்டத்து அண்ணன், அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நான் உட்கார்ந்து தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அடுத்த முறை போனபோது அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள், அச்சடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பில் மொத்தமாக ஒரு தொகையாக வந்தது, கேட்ட பிறகுதான் பிரித்துக் கொடுத்தார்கள். பரிசோதனைகளுக்கு 5,400, ஆபரேஷனும் மயக்கமும் சேர்த்து 17,000, கட்டிப் பரிசோதனை 1,800. எங்களுக்கு இது சின்னத் தொகை இல்லை, ஒரு வெட்டுத் தேங்காய்ப் பணத்தில் பெரும்பகுதி இதற்கே போனது. மணிக்கு ஆனதைப்போல எட்டு மடங்கு. அந்த எட்டு மடங்கில் பாதிக்கு மேல் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கும்தான் போயிருக்கும், அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்து, செவ்வாய் புதனில் முதல் ஆளாகப் போங்கள். நாய்க்குத் தினமும் சோறு வைப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். துவைக்காத படுக்கைத் துணி ஒன்று. வீடியோ.

சிட்டு இன்னும் கீல் பக்கம்தான் போய் நிற்கிறாள். அண்ணன் இப்போதெல்லாம் அவளைப் பிடித்துத் திருப்புவதில்லை. கேட்டைத் திறப்பதற்கு முன்னால், திறக்கிற பக்கத்துக் கம்பியில் மாட்டுக் கோலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். அவள் காதைத் தூக்கிக் கேட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து, மாடுகளுக்கு முன்னால் உள்ளே நடக்கிறாள்.